மெஸ் என்றால் சாப்பாடா, அலங்கோலமா? ஆங்கிலச் சொற்களின் பழைய பொருளைத் தேடும் முறை

மதுரையில் சிம்மக்கல், தல்லாகுளம், டவுன்ஹால் ரோடு என்று எந்தப் பக்கம் நடந்தாலும் 'மெஸ்' என்று முடியும் பெயர்ப்பலகை ஒன்றாவது கண்ணில் படும். உள்ளே போனால் வாழையிலை, கறிக்குழம்பு, சுக்கா, அயிரை மீன் குழம்பு. அதே சொல்லை இன்றைக்கு லண்டனில் ஒருவர் சொன்னால், வீடு அலங்கோலமாகக் கிடக்கிறது என்றோ, காரியம் குளறுபடியாகிவிட்டது என்றோதான் பெரும்பாலும் பொருள்படும். நான் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தபோது ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, "சார், சாப்பாட்டுக் கடைக்குப் போய் எதுக்கு சார் அலங்கோலம்னு பேர் வச்சாங்க?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. எனக்கு விடை தெரியாததால் நானும் சிரித்து வைத்தேன்.

அந்த விடையைத் தேடப் போனதில்தான், ஒரு சொல்லின் பழைய பொருளைப் பின்தொடர்ந்து செல்வதற்கு ஒரு முறை உண்டு என்பது பிடிபட்டது. அதைத் தமிழ் வாசகர்கள் தங்கள் வீட்டிலிருந்தே செய்து பார்க்கும் வகையில் இங்கே எழுதுகிறேன். அடிப்படை விதி ஒன்றுதான். இரண்டு சொற்கள் காதுக்கு ஒன்றுபோல் கேட்கின்றன என்பதை நம்பக் கூடாது. இன்ன நூற்றாண்டில், இன்ன நூலில், இன்ன பொருளில் இச்சொல்லை எழுதியிருக்கிறார்கள் என்று காட்டும் சான்று வாக்கியத்தையே நம்ப வேண்டும். மற்றவை எல்லாம் இந்த விதிக்குத் துணை நிற்பவை.

எது பழைய ஆங்கிலம்

தேடத் தொடங்கும் முன் 'பழைய ஆங்கிலம்' என்ற பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஷேக்ஸ்பியர் எழுதியதைப் பழைய ஆங்கிலம் என்று சொல்வது நம் வழக்கம். மொழி வரலாறு எழுதுபவர்கள் அப்படிச் சொல்வதில்லை. அவர்களுக்குப் பழைய ஆங்கிலம் என்பது 5ஆம் நூற்றாண்டிலிருந்து ஏறத்தாழ 1100 வரை பேசப்பட்ட மொழி. இன்றைய ஆங்கிலேயர் ஒருவர் தனிப் பாடமாகப் படிக்காமல் அதன் ஒரு பத்தியைக்கூட விளங்கிக்கொள்ள முடியாது. 1066இல் நார்மன் படையெடுப்பு நடந்து, அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு புகுந்தது. அதற்குப் பிறகு 1500 வரை வழங்கியது இடைக்கால ஆங்கிலம். 1564இல் பிறந்த ஷேக்ஸ்பியர் அதற்கும் பிந்தியவர். இந்த எல்லைகள் மனத்தில் இருந்தால், ஒரு சொல் ஜெர்மானிய வேரிலிருந்து வந்த மண்ணின் சொல்லா, பிரெஞ்சு வழியாக வந்து குடியேறிய சொல்லா என்பதை அகராதியில் முதல் வரியிலேயே கண்டுகொள்ளலாம். சொல்லின் குணம் பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

அகராதியை எந்த வரிசையில் படிப்பது

மாணவர்களுக்கென்று அச்சிடப்படும் அகராதிகள், இன்று அதிகமாக வழங்கும் பொருளை முதலில் வைக்கும். பொருள் வரலாற்றுக்கு அவை பயன்படா. ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதி இதற்கு நேர்மாறாகப் பழைய பொருளை முதலில் வைத்து, ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டு குறிப்பிட்ட மேற்கோள்களை அடுக்கிக்கொண்டு போகும். அதன் முதல் பகுதி 1884இல் வெளியாகி, முழுப் பணியும் 1928இல்தான் முடிந்தது. பல ஊர்களிலிருந்து தன்னார்வலர்கள் துண்டுச் சீட்டுகளில் வாக்கியங்களை எழுதி அனுப்ப, அந்தச் சீட்டுகளின் மேல் எழுந்த கட்டடம் அது. ஒரு சொல்லுக்குரிய பகுதியை எடுத்துக்கொண்டால், பொருள் விளக்கத்தை விட்டுவிட்டு மேற்கோள்களை முதலில் படியுங்கள். விளக்கம் அகராதிக்காரர் சொல்வது. மேற்கோள், அந்தக் காலத்து மனிதர் தாமே சொல்வது.

ஒரு எச்சரிக்கை. அங்கே காணும் முதல் ஆண்டு, அந்தச் சொல் முதன்முதலில் எழுத்தில் கிடைத்த ஆண்டுதான். எழுதுவதற்கு முன்பே அது பேச்சில் இருந்திருக்கும்.

இணையத்தில் அந்தப் பேரகராதிக்குக் கட்டணம் உண்டு. கட்டணம் இல்லாமல் பார்க்க வேண்டுமானால், சொற்பிறப்புக்கென்றே இயங்கும் இலவச இணைய அகராதி இருக்கிறது. 1100க்கு முற்பட்ட வடிவங்களுக்கு, 1898இல் வெளிவந்த பாஸ்வொர்த்–டாலர் பழைய ஆங்கில அகராதி இன்று இணையத்தில் முழுமையாகக் கிடைக்கிறது. புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்க்க விரும்புபவர்கள், 2023இல் திறக்கப்பட்ட புது நத்தம் சாலையின் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலோ, தத்தம் கல்லூரி நூலகத்திலோ குறிப்புதவிப் பகுதியில் கேட்டுப் பார்க்கலாம்.

இனி மெஸ்ஸைப் பார்ப்போம். ஏறத்தாழ 1300இல் இச்சொல் ஆங்கிலத்தில் தோன்றும்போது அதன் பொருள் 'ஒருவருக்குப் பரிமாறிய உணவு'. பிரெஞ்சிலிருந்து வந்தது, அதற்கும் பின்னே இலத்தீனில் 'அனுப்பு, வை' என்னும் பொருள் கொண்ட 'மிட்டெரே' என்ற வினை நிற்கிறது. மேசைமேல் வைக்கப்பட்டது என்பதே கருத்து. 15ஆம் நூற்றாண்டில், சேர்ந்து உட்கார்ந்து உண்ணும் கூட்டத்துக்கும் அதே பெயர் வந்தது. அதிலிருந்து படைவீரர்கள் கூடி உண்ணும் இடம் மெஸ் ஆயிற்று. 18ஆம் நூற்றாண்டில் பல பண்டங்களைக் கலந்து குழைத்த தீனி என்று ஒரு கிளை பிரிந்து, 19ஆம் நூற்றாண்டில் அந்தக் கிளையிலிருந்துதான் குழப்பம், அலங்கோலம் என்னும் பொருள் முளைத்தது. ஆங்கிலேயர் வீட்டில் இந்தக் கடைசிக் கிளை பெரிதாகி மற்றதை மறைத்துவிட்டது. நம் ஊருக்கு வந்ததோ படைமுகாமின் மெஸ்ஸும் கல்லூரி விடுதியின் மெஸ்ஸும். ஆகவே, சாப்பாட்டுக் கடைக்கு யாரும் அலங்கோலம் என்று பெயர் வைக்கவில்லை. ஆங்கிலேயரே பெரும்பாலும் கைவிட்ட பழைய பொருளைச் சிம்மக்கல் இன்னும் இலைபோட்டுப் பரிமாறிக்கொண்டிருக்கிறது. 'மிட்டெரே'யின் மற்ற வாரிசுகளையும் பாருங்கள்: மிஷன், மெசேஜ், மிஸைல். மிஷன் ஆஸ்பத்திரியில் நோயாளியை விட்டுவிட்டு மெஸ்ஸில் சாப்பாடு வாங்கிக்கொண்டு போகிறவர், ஒரே வேரின் இரண்டு கிளைகளுக்கு இடையே நடக்கிறார்.

மொழிபெயர்ப்பைச் சாட்சியாக வைப்பது

பெரிய அகராதி கைக்கெட்டாதவர்களுக்கு நான் சொல்லும் வழி எளியது. மதுரையில் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றில் தமிழ் விவிலியத்தோடு 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் அரசர் காலத்து ஆங்கில விவிலியமும் இருக்கும். இல்லாதவர்களுக்கு இணையத்தில் இரண்டும் இலவசம். வசன எண் ஒன்றேயாதலால், 400 ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலச் சொல்லுக்கு நேரே அதன் பொருளைத் தமிழில் வைத்துப் பார்க்கும் வசதி வேறெந்த நூலிலும் இவ்வளவு சுலபமாகக் கிடைக்காது.

ஆதியாகமம் முதல் அதிகாரம் 29ஆம் வசனத்தில், விதை தரும் பூண்டுகளையும் கனி தரும் மரங்களையும் மனிதருக்கு 'மீட்' ஆகக் கொடுத்தேன் என்று கடவுள் சொல்வதாக அந்த ஆங்கில விவிலியம் கூறுகிறது. இன்றைய பொருளில் படித்தால் பூண்டும் பழமும் எப்படி இறைச்சியாகும் என்று திகைக்க வேண்டியிருக்கும். தமிழில் அதே இடத்தில் 'ஆகாரம்' என்று இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'மெடே' என்றால் பொதுவாக உணவு. விலங்கின் தசை என்று குறுகியது பிற்காலத்தில். இதே வகையில் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபம் நான்காம் அதிகாரம் 15ஆம் வசனத்தைப் பாருங்கள். உயிரோடிருப்பவர்கள் இறந்தவர்களை 'ப்ரிவென்ட்' செய்வதில்லை என்கிறது ஆங்கிலம். தமிழில் 'முந்திக்கொள்வதில்லை' என்று இருக்கிறது. தடுத்தல் என்று நாம் அறிந்த அந்தச் சொல்லின் இலத்தீன் வேருக்கு 'முன்னே வருதல்' என்றுதான் பொருள். முன்னே வந்து நிற்பவன் வழியை மறிக்கிறான், மறிப்பதே பின்னர் முழுப் பொருளாகிவிட்டது. குழந்தைகளை என்னிடம் வர 'சஃபர்' செய்யுங்கள் என்னும் புகழ்பெற்ற வாக்கியத்தை, குழந்தைகளைத் துன்பப்படச் சொல்வதாகப் புரிந்துகொண்ட மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். தமிழ் 'இடங்கொடுங்கள்' என்று தெளிவாகச் சொல்கிறது.

'மீட்' குறுகியதைப் புரிந்துகொள்ள மதுரைக்காரர்களுக்குத் தனிப் பாடமே தேவையில்லை. அகநானூற்று 149ஆம் பாட்டில் யவனரின் கப்பல் முசிறிக்குப் 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்று வருகிறது. அங்கே கறி என்பது மிளகு. போர்த்துக்கீசியர் வழியாக ஐரோப்பாவுக்குப் போன கறி, மசாலா சேர்த்த குழம்பு. மதுரையில் ஞாயிற்றுக்கிழமை காலை 'கறி எடுக்கப் போறேன்' என்று பையோடு கிளம்புகிறவர் வாங்கி வருவது ஆட்டிறைச்சி. அதே ஊரில் வேறொரு வீட்டில் வாழைக்காய்க் கறி என்றால் பொரியல். கறிதோசை கேட்டவருக்கு மிளகு தூவிய தோசையை வைத்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கூட்டுச்சொல்லில் ஒளிந்திருக்கும் பழம்பொருள்

ஒரு சொல் தனியே நிற்கும்போது பொருளை மாற்றிக்கொள்ளும். வேறொரு சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கும்போது அவ்வளவு எளிதில் மாறாது. ஆகவே அடுத்த படியாக, உங்கள் சொல் வரும் கூட்டுச்சொற்களையெல்லாம் எழுதிப் பாருங்கள். இனிப்புப் பண்டத்தைக் குறிக்கும் 'ஸ்வீட்மீட்' என்பதில் இறைச்சி இல்லை. உணவு என்ற பழம்பொருள் அங்கே உறைந்து கிடக்கிறது. நம் காய்கறியில் உள்ள கறியும் அப்படியே. மருத்துவச்சியைக் குறிக்கும் 'மிட்வைஃப்' என்ற சொல்லில் 'மிட்' என்றால் 'உடன்', 'வைஃப்' என்றால் பெண். பிரசவிக்கும் பெண்ணுடன் இருப்பவள். பழைய ஆங்கிலத்தில் 'வீஃப்' என்பது மனைவியை மட்டும் குறித்த சொல்லன்று, பெண் என்றாலே அதுதான்.

இந்தப் படியைத் தமிழில் செய்து காட்ட 'நாற்றம்' போல ஒரு சொல் கிடைக்காது. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் விடியற்காலையில் குவியல் குவியலாக மல்லிகை வந்து இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், படியால் அளந்துகொண்டிருக்கும் அம்மாவிடம் போய் "பூ நல்லா நாறுதும்மா" என்று சொன்னால், அடுத்து விழும் வார்த்தைகளை அச்சில் ஏற்ற முடியாது. ஆனால் மதுரையிலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த ஆண்டாள், கண்ணனின் வாய் 'கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ' என்று கேட்டாள். வள்ளுவர் 1274ஆம் குறளில் மொட்டுக்குள் இருக்கும் மணத்தை 'நாற்றம்' என்கிறார். 27ஆம் குறளில் சுவை, ஒளி, ஊறு, ஓசை, நாற்றம் என்று ஐம்புலன்களை அடுக்கும்போது, அது நல்லதும் அல்லாத, கெட்டதும் அல்லாத வெறும் வாசம். இத்தனை மேற்கோளும் வேண்டாம் என்பவர்கள் 'துர்நாற்றம்' என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளலாம். நாற்றம் என்றாலே கெட்டது என்றால், அதன் தலையில் 'துர்' என்று ஒன்றை ஏன் ஏற்ற வேண்டும்?

ஆங்கிலத்தில் 'ஸ்டிங்க்' இதே பாதையில் இறங்கியது. பழைய ஆங்கிலத்தின் 'ஸ்டின்கன்' என்ற வினைக்கு மணம் வீசுதல் என்றே பொருள். பூவும் வீசலாம், பிணமும் வீசலாம். காலப்போக்கில் நல்ல மணத்துக்கென்று வேறு சொற்கள், பெரும்பாலும் பிரெஞ்சு வழியாக, வந்து அமர்ந்துகொண்டன. மிச்சமிருந்த கெட்ட பங்கு பழைய சொல்லின் தலையில் விழுந்தது. தமிழிலும் மணம், வாசனை என்பவை நல்ல பக்கத்தை எடுத்துக்கொண்ட பிறகு நாற்றத்துக்குச் சாக்கடைதான் மிஞ்சியது. இங்கே கவனிக்க வேண்டியது, சொல் ஏன் தாழ்ந்தது என்ற காரணத்தை அந்தச் சொல்லுக்குள் தேடாமல், அதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்த சொற்களில் தேட வேண்டும் என்பது. பொருள் விரிந்தது, குறுகியது, உயர்ந்தது, தாழ்ந்தது என்று நான்கு பெயர்களில் ஒன்றை ஒட்டிவிட்டு வேலை முடிந்ததாகக் கருதுபவர்கள் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள்.

பழைய பொருளே சரியான பொருள் என்று வாதிடுபவர்களும் உண்டு. அவர்களை அந்தப் பூக்கார அம்மாவிடம் அனுப்பிவைக்கலாம்.

சொல் வாழ்ந்த வீட்டைப் பார்ப்பது

காரணத்தைத் தேடும்போது அந்தக் காலத்து மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று கேட்டாக வேண்டும். அப்போது நம் ஊர் வாழ்க்கையே பல இடங்களில் வழிகாட்டும். பழைய ஆங்கிலத்தில் சிறுவனைக் குறிக்க 'க்னாவா', 'க்னிஹ்ட்' என்று இரண்டு சொற்கள் இருந்தன. இரண்டும் சிறுவனிலிருந்து வேலைக்காரன் என்ற பொருளுக்கு நகர்ந்தன. இது எப்படி நடக்கும் என்று வியப்பவர்கள், நாற்பது வயதுக்காரரைக் 'கடைப் பையன்' என்று அழைக்கும் நம் கடைத்தெருவை ஒருமுறை நினைத்துக்கொண்டால் போதும். அங்கிருந்து பாதை பிரிகிறது. அரசனிடமும் பிரபுவிடமும் குதிரையேறிச் சேவை செய்த வேலைக்காரன் 'நைட்' என்று பட்டம் பெற்றான். அடுப்படியிலும் தொழுவத்திலும் கிடந்தவன் 'நேவ்', அதாவது போக்கிரி, ஆனான். எஜமான் யார் என்பதைப் பொறுத்தே ஒரு சொல் மேலேறியதும் மற்றது கீழிறங்கியதும்.

நம் திரைப்பட வில்லன் கதையும் இப்படிப்பட்டதுதான். இலத்தீனில் 'வில்லா' என்பது பண்ணை வீடு. அங்கே வேலை செய்தவன் 'வில்லானுஸ்'. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வரும்போதே பிரபுக்கள் வாயில் அது நாகரிகமற்றவன், பிறகு நேர்மையற்றவன், கடைசியில் கொடியவன் என்று கறுத்துப்போனது. நகரத்தான் கிராமத்தானைப் 'பட்டிக்காட்டான்' என்று ஏசும் அதே வாய். வில்லேந்தியவன் என்று விளக்கம் சொல்பவர்களும் இருக்கிறார்கள். திரையில் வரும் வில்லனுக்கும் வில்லுக்கும் தொடர்பு இல்லை.

'லார்ட்' என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். அதன் பழைய வடிவம் 'ஹ்லாஃப்வேயார்ட்': ரொட்டியைக் காப்பவன். 'லேடி' என்பதன் பழைய வடிவத்துக்கு ரொட்டி மாவு பிசைபவள் என்று பொருள். ஒரு குடும்பத்தையும் அதை அண்டி வாழ்பவர்களையும் சோறு போட்டுக் காப்பவனே தலைவன் என்னும் எண்ணம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. பிற ஊர்க்காரர்களுக்கு இது விநோதமாகத் தோன்றலாம். மார்கழி அஷ்டமியன்று மீனாட்சியும் சுந்தரேசுவரரும் சப்பரத்தில் வந்து எல்லா உயிருக்கும் படியளப்பதை வெளி வீதியில் நின்று பார்த்தவர்களுக்குத் தோன்றாது. அம்மன் சப்பரத்தைப் பெண்களே இழுத்து வருவார்கள். எஜமானைப் 'படியளக்கிற மகராசன்' என்று வாழ்த்தும் மொழிக்கு, ரொட்டியைக் காப்பவன் பிரபு ஆனதில் புதுமை என்ன இருக்கிறது?

காது ஏமாற்றும் இடம்

இனி நான் தவறிய இடம். பல ஆண்டுகள் வகுப்பில், 'கேஷ்' என்ற ஆங்கிலச் சொல் நம் காசிலிருந்து வந்தது என்று பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரு மாணவி நூலகத்துப் பெரிய அகராதியோடு ஆசிரியர் அறைக்கு வந்து நின்றாள். "சார், இதுல கேஷ் ரெண்டு தடவ போட்டிருக்கு" என்று விரலை வைத்துக் காட்டினாள். சொல்லின் தலையில் ஒன்று, இரண்டு என்று பொடி எண் இட்டு இரண்டு தனித்தனிப் பதிவுகள் இருந்தன. ரொக்கப் பணத்தைக் குறிக்கும் முதல் கேஷ், பெட்டி என்று பொருள்படும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்கள் வழியாக இலத்தீன் 'காப்ஸா'வுக்குப் போகிறது. பணம் வைக்கும் பெட்டி பணமாகவே ஆகிவிட்ட கதை. கிழக்கு நாடுகளின் சிறு நாணயத்தைக் குறிக்கும் இரண்டாவது கேஷ்தான், போர்த்துக்கீசியர் வழியாகத் தமிழ்க் காசிலிருந்து போனது. கடையில் 'கேஷா, கார்டா?' என்று கேட்கும் கேஷ் நம்முடையதன்று. அன்று முதல் எந்த அகராதியைத் திறந்தாலும், சொல்லின் தலையில் பொடி எண் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுகிறேன். நீங்களும் அதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப்பில் காலை வணக்கத்தோடு வந்து சேரும் செய்திகளில், ஆங்கிலத்தின் 'எய்ட்' தமிழின் எட்டிலிருந்து வந்தது என்பது தவறாமல் இடம்பெறும். காதுக்கு இனிமையான செய்தி. இதைச் சோதிக்க ஒரு நல்ல வழி உண்டு: இரண்டு சொற்களையும் காலத்தில் பின்னோக்கி நடத்திச் செல்லுங்கள். உண்மையான உறவினர்கள் என்றால் பின்னே போகப் போக நெருங்கி வருவார்கள். எட்டைப் பின்னே தள்ளினால் எண்பது, எண்ணூறு, எண்திசை என்று 'எண்' தலைகாட்டுகிறது. கன்னடத்தில் 'எண்டு', தெலுங்கில் 'எனிமிதி'. மூக்கொலி வேரிலேயே இருக்கிறது. எய்ட்டைப் பின்னே தள்ளினால் பழைய ஆங்கிலத்தில் 'எயஹ்டா', இலத்தீனில் 'ஆக்டோ', சமஸ்கிருதத்தில் 'அஷ்ட'. அங்கே மூக்கொலியின் சுவடே இல்லை. நடுவில் ஒரு ககர ஒலி கரகரக்கிறது. இன்று தோளோடு தோள் உரசி நிற்கும் இருவர், பின்னே போகப் போக விலகித் தனித்தனித் தெருவுக்குள் நுழைந்துவிடுகிறார்கள். இந்த ஒரு சோதனைக்கு முன்னால் பெரும்பாலான வாட்ஸ்அப் சொல்லாராய்ச்சி நிற்காது.

தமிழிலிருந்து உண்மையாகவே போன சொற்களுக்குப் பொய் துணை தேவையில்லை. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர், கறி எல்லாவற்றுக்கும் சான்று உண்டு. அவற்றிலும் பொருள் மாறியதைக் கவனியுங்கள்: நம் கட்டுமரம் கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய மிதவை, ஆங்கிலத்தில் இன்று 'கேட்டமரான்' என்றால் இரண்டு உடல்களை இணைத்த படகு, பணக்காரர்கள் பந்தயம் விடுவது.

காது ஏமாற்றுவதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. சற்றும் ஒன்றுபோல் கேட்காதவை உடன்பிறப்புகளாக இருக்கும். 19ஆம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து வீதிகள் உண்டானபோது, ஒன்றுக்குப் பெருமாள் மேஸ்திரியின் பெயர் அமைந்தது. மேஸ்திரி என்பது போர்த்துக்கீசிய 'மெஸ்த்ரே'. அது இலத்தீன் 'மாகிஸ்தெர்', அதாவது மேலானவன். ஆங்கிலத்தின் மாஸ்டரும் மிஸ்டரும் மாஜிஸ்திரேட்டும் அதே வீட்டைச் சேர்ந்தவர்கள். ஆகவே பெருமாள் மேஸ்திரி வீதிக் கடையில் பரோட்டா மாஸ்டர் கல்லில் பரோட்டாவைத் தட்டிக்கொண்டிருந்தால், பெயர்ப்பலகையில் ஒரு மாகிஸ்தெர், அடுப்பருகே ஒரு மாகிஸ்தெர். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இலத்தீனில் மாகிஸ்தெருக்கு எதிர்ச்சொல் 'மினிஸ்தெர்': கீழானவன், பணியாள். அரசனின் பணியாள் என்ற வழியில் அந்தச் சொல் ஏறி ஏறி மந்திரி ஆகிவிட்டது. மேலானவன் பரோட்டா போடுகிறான். பணியாள் சைரன் வைத்த காரில் போகிறான்.

குறிப்பேடு

தேடியதை எழுதி வைக்காவிட்டால் ஆறு மாதத்தில் எல்லாம் கலங்கிவிடும். ஒரு சொல்லுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். இடப்பக்கத்தில், மேலிருந்து கீழாக, நூற்றாண்டும் அப்போதைய பொருளும். வலப்பக்கத்தில், ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு சான்று வாக்கியம், அது வந்த நூலின் பெயரோடு. சான்று கிடைக்காத பொருளை இடப்பக்கத்தில் ஏற்றாதீர்கள். ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பென்சிலில் எழுதுங்கள். பக்கத்தின் அடியில் தமிழ் இணை ஒன்றைத் தேடிச் சேர்க்கலாம்.

அதற்கு, 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி ஒவ்வொரு பொருளுக்கும் இலக்கிய மேற்கோளைச் சுருக்கக் குறியோடு தருகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் அதை இலவசமாகப் பார்க்கலாம். மேற்கோளின் முழுப் பாட்டையும் படிக்க, 1998 முதல் தன்னார்வலர்களால் நடந்துவரும் மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் உதவும். உலகெங்கும் சிதறிக் கிடக்கும் தமிழர்கள் தட்டச்சு செய்து சேர்த்த அந்தச் சேமிப்புக்கு மதுரை பெயரில் மட்டும்தான் இருக்கிறது என்றாலும், பெயரைப் பார்க்கும்போது எனக்கு ஒரு சந்தோஷம்.

தொடக்கத்துக்கு நான் பரிந்துரைப்பவை இரண்டு சொற்கள். முதலாவது 'நைஸ்': இலத்தீனில் 'அறியாதவன்' என்று தொடங்கி, ஆங்கிலத்துக்கு 'முட்டாள்' என்று வந்து, நொட்டை சொல்பவன், நுட்பமானது என்று நடந்து, 18ஆம் நூற்றாண்டில் இனியது என்று முடியும். இடப்பக்கம் நிறைந்துவிடும். மதுரையில் மாவை நைஸாக அரைக்கச் சொல்வதையும், ஒருவர் நைஸாக நழுவிவிட்டார் என்று சொல்வதையும் அடியில் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, 'சில்லி': பழைய ஆங்கிலத்தில் 'பேறு பெற்றவன்' என்று இருந்து, கள்ளமற்றவன், இரங்கத்தக்கவன் என்று இறங்கி, அசடு என்று வந்து நிற்கும். ஒன்று ஏறுகிறது, மற்றது இறங்குகிறது. இரண்டையும் ஒரே வாரத்தில் செய்தால் ஒப்பிட வசதி.

மூன்றாவதாக 'கேர்ள்' என்ற சொல்லை எடுத்தால் பொறுமை வேண்டும். 1300 வாக்கில் அது ஆணோ பெண்ணோ, எந்தக் குழந்தையையும் குறித்தது. பிறகே பெண் குழந்தைக்கு உரியதாயிற்று. நம் 'பிள்ளை' பொதுச்சொல்லாக இருந்துகொண்டே, மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் 'ஏ புள்ள' என்று கூப்பிடும்போது பெண்ணை மட்டும் குறிப்பதை அடியில் எழுதிக்கொள்ளலாம். ஆனால் 1300க்கு மேலே போக வழியில்லை. பெரிய அகராதிகளே 'பிறப்பு தெரியவில்லை' என்று எழுதியிருக்கின்றன. என் குறிப்பேட்டிலும் அந்தப் பக்கத்தின் முதல் மூன்று வரிகள் காலியாகத்தான் இருக்கின்றன.